என் கணக்கில் 8.33, கல்லூரிப் பட்டியலில் 7.82: ஜி.பி.ஏ. எங்கே இடிக்கிறது?

நெய்வேலி_சி.எஸ்.இ.

எல்லோருக்கும் வணக்கம். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன், 2021 ரெகுலேஷன் (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும்). முதலாண்டு முடிந்துவிட்டது. முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று கிரேடுகளைப் பார்த்து ஜி.பி.ஏ.யை (கிரேடு பாயிண்ட்களின் சராசரி) நானே கணக்குப் போட்டு, வீட்டில் 8.33 என்று சொல்லியிருந்தேன். இப்போது கிளாஸ் அட்வைசர் இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து அனுப்பிய பட்டியலில் முதல் செமஸ்டர் 7.82 என்று இருக்கிறது. "அப்போது கூட்டிச் சொன்னாயா?" என்று அப்பா கேட்டார். நான் கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

என் கிரேடுகள்: ஆங்கிலம் ஏ, கணக்கு (மேட்ரிக்ஸ், கால்குலஸ்) பி, இயற்பியல் பி ப்ளஸ், வேதியியல் பி ப்ளஸ், பைத்தான் ஏ, தமிழர் மரபு ஓ, பைத்தான் லேப் ஓ, இயற்பியல்-வேதியியல் லேப் ஏ ப்ளஸ், ஆங்கில லேப் ஓ. ஓ என்றால் 10, ஏ ப்ளஸ் 9, ஏ 8, பி ப்ளஸ் 7, பி 6 என்று வைத்துக் கூட்டினால் 75. ஒன்பதால் வகுத்தால் 8.33. எங்கே தப்பு?

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. என் தோழிக்குக் கணக்கில் அரியர். மற்ற எட்டுப் பாடத்திலும் எனக்கும் அவளுக்கும் ஒரே கிரேடு. பட்டியலில் அவளுக்கு 8.22. பாஸான எனக்கு 7.82, ஃபெயிலான அவளுக்கு 8.22. இது எப்படி?

கோவை_மெக்கானிக்கல்

தங்கச்சி, நீங்கள் கூட்டிச் சொல்லவில்லை, கிரெடிட்டை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடையை, விட்டுவிட்டீர்கள். முதல் செமஸ்டரில் எல்லோரும் செய்வதுதான்.

ஒன்பது பாடத்தையும் ஒரே எடையாக வைத்து வகுத்திருக்கிறீர்கள். ஆனால் கணக்கு 4 கிரெடிட், தமிழர் மரபு 1 கிரெடிட். கணக்கில் வாங்கிய 6, தமிழர் மரபில் வாங்கிய 10-ஐ விட நான்கு மடங்கு கனமானது. ஒவ்வொரு பாடத்தின் கிரெடிட்டையும் அதன் கிரேடு பாயிண்ட்டையும் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும்.

உங்களுடையதைப் போட்டுப் பார்க்கிறேன்:

ஆங்கிலம் 3 × 8 = 24
கணக்கு 4 × 6 = 24
இயற்பியல் 3 × 7 = 21
வேதியியல் 3 × 7 = 21
பைத்தான் 3 × 8 = 24
தமிழர் மரபு 1 × 10 = 10
பைத்தான் லேப் 2 × 10 = 20
இயற்பியல்-வேதியியல் லேப் 2 × 9 = 18
ஆங்கில லேப் 1 × 10 = 10

கூட்டினால் 172. மொத்த கிரெடிட் 22. வகுத்தால் 7.818, அதாவது 7.82. பட்டியல் சரி.

உங்களுக்கு ஓ வந்த மூன்று பாடங்களும் சேர்ந்தே 4 கிரெடிட்தான். கணக்கு ஒன்று மட்டும் 4 கிரெடிட். 8.33-க்கும் 7.82-க்கும் நடுவே இருப்பது அதுதான். அப்பாவிடம் இந்த ஒன்பது வரியையும் எழுதிக் காட்டுங்கள், புரிந்துகொள்வார்.

அரியர்_முடித்தவன்

தோழி விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். நானே அந்த இடத்தில் இருந்தவன்.

யூ கிரேடு, அதாவது ஃபெயில், வந்த பாடம் ஜி.பி.ஏ. கணக்கிலேயே வராது. பாயிண்ட்டும் சேராது, கிரெடிட்டும் சேராது. அதாவது உங்கள் தோழிக்குக் கணக்குப் பாடத்தின் 24-ஐ மேலே கழித்து, 4 கிரெடிட்டைக் கீழேயும் கழித்துவிடுகிறார்கள். 172-இல் 24 போனால் 148. 22-இல் 4 போனால் 18. 148-ஐ 18-ஆல் வகுத்தால் 8.22. அவளைக் கீழே இழுத்திருக்க வேண்டிய பாடம் கணக்கிலேயே இல்லை. அதனால் மேலே தெரிகிறாள்.

எனக்கு மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் இருந்தது. ஜி.பி.ஏ. 7.9 என்று பார்த்துவிட்டு "பரவாயில்லை, நன்றாகத்தான் படிக்கிறோம்" என்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். அரியரை முடித்ததும் இரண்டும் சி கிரேடாக (5 பாயிண்ட்) உள்ளே வந்தன, எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சி.ஜி.பி.ஏ. இறங்கியது. பாஸானதற்குச் சந்தோஷப்பட வேண்டிய நாளில் வீட்டில் "பாஸாகியும் குறைந்துவிட்டதே" என்றார்கள். அன்றைக்கு எனக்கே விளக்கம் தெரியாது.

உங்கள் தோழி அடுத்த முறை எழுதி சி வாங்கினால் அவளுடைய முதல் செமஸ்டர் 168/22, அதாவது 7.64. பி வாங்கினால் உங்களைப் போலவே 7.82. இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 8.22 என்ற எண் அவளை ஏமாற்றக்கூடாது.

நெய்வேலி_சி.எஸ்.இ.

மிக்க நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அவளிடம் சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டாள், அப்புறம் உட்கார்ந்து அவளே கணக்குப் போட்டாள்.

இன்னும் ஒன்று. எனக்கு இரண்டாம் செமஸ்டர் 6.50. 7.82-ஐயும் 6.50-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 7.16. ஆனால் சி.ஜி.பி.ஏ. 7.10 என்று போட்டிருக்கிறார்கள்.

கணக்கு_வாத்தியார்

அதே பிழைதான் அம்மா, ஒரு படி மேலே ஏறி நிற்கிறது.

சந்தையில் 4 கிலோ வெங்காயத்தை ஒரு விலைக்கும் 1 கிலோவை வேறு விலைக்கும் வாங்கினால், சராசரி விலை போட இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுக்க மாட்டோம். கொடுத்த மொத்தப் பணத்தை வாங்கிய மொத்த எடையால் வகுப்போம். செமஸ்டரும் அப்படித்தான். உங்கள் முதல் செமஸ்டர் 22 கிரெடிட், இரண்டாவது 26 கிரெடிட். கனமான செமஸ்டரில்தான் நீங்கள் குறைவாக வாங்கியிருக்கிறீர்கள்.

முதல் செமஸ்டர் பாயிண்ட் 172. இரண்டாவது 6.50 × 26 = 169. மொத்தம் 341. கிரெடிட் 48. 341/48 = 7.104.

நாற்பதாண்டு கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். ஜி.பி.ஏ.க்களைச் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு நோட்டில் இரண்டே பத்தி போடுங்கள்: சேர்த்த பாயிண்ட், சேர்த்த கிரெடிட். உங்கள் முதல் வரி 172, 22. இரண்டாவது வரி 341, 48. ஒவ்வொரு செமஸ்டரும் கீழே ஒரு வரி கூடும். எப்போது வேண்டுமானாலும் ஒரு வகுத்தலில் சி.ஜி.பி.ஏ. வந்துவிடும். இடையில் ரவுண்ட் செய்வதால் வரும் பிழையும் இருக்காது.

கிரெடிட் இல்லாத கட்டாயப் பாடங்கள் இதில் வராது. என்.சி.சி. கிரெடிட் பாடம் எடுத்தவர்களுக்கும் அது மார்க் ஷீட்டில் பதிவாகும், சி.ஜி.பி.ஏ.யில் சேராது.

இ.சி.இ._மூன்றாமாண்டு

கணக்கு எல்லாம் சரி சார். ஆனால் அந்த 6, 7, 8 எங்கிருந்து வருகிறது என்பதைப் பேச வேண்டாமா? இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. செமஸ்டர் தேர்வில் 45 சதவீதமாவது எடுத்து, மொத்தத்தில் 50 எடுத்தால் பாஸ். இது வரைக்கும் எனக்குப் புரிகிறது. 91-இலிருந்து ஓ, 81-இலிருந்து 90 வரை ஏ ப்ளஸ், 71-இலிருந்து 80 வரை ஏ என்று சீனியர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அது அப்படியே பொருந்தவில்லை. ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்கள் 30 பேருக்கு மேல் இருந்தால் ஒப்பீட்டு கிரேடிங் என்று ரெகுலேஷனில் இருக்கிறது. அப்படியானால் என் கிரேடை என் பேப்பர் தீர்மானிக்கிறதா, பக்கத்தில் இருப்பவன் பேப்பர் தீர்மானிக்கிறதா?

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. நான் எழுதியதற்கு எனக்கு மார்க் வேண்டும். நண்பனுக்கு நோட்ஸ் கொடுத்தால் நான் இறங்குவேனோ என்று யோசிக்க வைக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை.

கணக்கு_வாத்தியார்

தம்பி, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள்.

ஒரு வருடம் கேள்வித்தாள் மிகக் கடினமாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் பிள்ளை 68 எடுக்கிறாள். நிலையான வரம்பு முறையில் அவளுக்கு பி ப்ளஸ். அடுத்த வருடம் எளிதான தாள், சுமாராகப் படித்தவருக்கு 83, ஏ ப்ளஸ். வேலைக்கு இருவரும் ஒரே மேசைக்கு வருகிறார்கள். கேள்வித்தாள் செய்த தவறு முதல் பிள்ளையின் கழுத்தில் தொங்குகிறது. ஒப்பீட்டு முறை அந்தத் தவறைத்தான் திருத்தப் பார்க்கிறது.

மதிப்பெண்கள் ஒரே பக்கம் குவிந்து கிடக்கும்போது சராசரியும் திட்டவிலக்கமும் (மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) சரியான படம் தருவதில்லை. அதனால் பரவலை மணி வடிவத்துக்கு அருகே கொண்டுவர ஒரு மாற்றம் செய்கிறார்கள். ரெகுலேஷனில் பாக்ஸ்-காக்ஸ் என்று இருக்கும். ஜார்ஜ் பாக்ஸ், டேவிட் காக்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1964-இல் கொடுத்த முறை அது. அதற்குப் பிறகுதான் கிரேடு எல்லைகள் விழுகின்றன.

பாஸா ஃபெயிலா என்பதை இது தொடாது. நீங்கள் சொன்ன அந்தப் பாஸ் வரம்பைத் தொட்டவர் வகுப்பு எப்படி இருந்தாலும் பாஸ்தான். பாஸானவர்களுக்குள்தான் ஒப்பீடு. நோட்ஸ் கொடுத்தால் இறங்குவோம் என்ற பயமும் வேண்டாம். பெரிய எண்ணிக்கையில் ஒரு நண்பர் ஏறுவதால் எல்லைக்கோடு நகருவது கண்ணுக்கே தெரியாது.

இ.சி.இ._மூன்றாமாண்டு

கடினமான தாள் விஷயம் ஒப்புக்கொள்கிறேன் சார், அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஒரு குறை அப்படியே நிற்கிறது. எந்த மார்க்குக்கு எந்த கிரேடு என்ற எல்லை எங்கள் கைக்கு வருவதில்லை. எல்லை தெரிந்தால் எவ்வளவு தூரத்தில் தவறவிட்டோம் என்றாவது தெரியும். அதை வெளியிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

கணக்கு_வாத்தியார்

அதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

பி.காம்._சென்னை

எங்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி. சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி. எங்கள் முறையில் 78 மார்க் எடுத்தால் கிரேடு பாயிண்ட் 7.8, 72 எடுத்தால் 7.2. ஒவ்வொரு மார்க்குக்கும் மதிப்பு உண்டு. நீங்கள் சொல்லும் வரம்பு முறையில் 81 எடுத்தவருக்கும் 90 எடுத்தவருக்கும் ஒரே 9. ஆனால் 90-க்கும் 91-க்கும் நடுவே ஒரு முழுப் பாயிண்ட். எல்லைக்குப் பக்கத்தில் நிற்பவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 முதன்மைப் பாடங்கள் என்று தனித்தனியாக சி.ஜி.பி.ஏ. வரும். வேலை விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம் இருக்கும். எதைப் போடுவது என்று தெரியாமல் எங்கள் வகுப்பில் ஆளுக்கொன்று போட்டார்கள். எம்.காம். சேர்க்கைக்குப் பகுதி 3-ஐத்தான் கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தான்

இங்கே இலங்கையில் நான்கில்தான் ஜி.பி.ஏ. ஏ என்றால் 4.0, ஏ மைனஸ் 3.7, பி ப்ளஸ் 3.3, பி 3.0 என்று இறங்கும். 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 என்றால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 என்றால் கீழ்நிலை. கிரெடிட்டால் பெருக்கும் முறை உங்களுடையதேதான்.

ஒப்பீடு பற்றிய பேச்சைப் பார்த்ததும் எங்கள் ஏ/எல் (உங்கள் பிளஸ் டூ மாதிரி) பரீட்சையின் இசட் புள்ளி நினைவுக்கு வந்தது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (நீங்கள் சொல்லும் திட்டவிலக்கம்) வகுப்பார்கள். பௌதிகவியல் தாள் கடினமாக வந்து எல்லோரும் குறைவாக எடுத்தாலும் மாணவன் நட்டப்பட மாட்டான். பல்கலைக்கழக அனுமதிக்கு அதை வைத்துத்தான் வெட்டுப்புள்ளி போடுவார்கள். பெறுபேறு வந்த நாளில் வீட்டில் யாருக்கும் அந்தத் தசமம் விளங்காது. மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு மருத்துவபீடம் ஏன் கிடைக்கவில்லை என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நெய்வேலி_சி.எஸ்.இ.

அப்பாவிடம் ஒன்பது வரியையும் காட்டினேன். புரிந்துகொண்டார். அடுத்த கேள்வி உடனே வந்துவிட்டது: "சரி, 7.10 என்றால் எத்தனை சதவீதம்?" அவருடைய டிப்ளமோ காலத்தில் சதவீதம்தானாம். 9.5-ஆல் பெருக்கு என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். செய்யலாமா?

கோவை_மெக்கானிக்கல்

செய்யாதீர்கள். இதில் நான் அடிபட்டவன்.

9.5 என்பது சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு வந்த பெருக்கல். 2010-இலிருந்து 2017 வரை அங்கே மார்க்குக்குப் பதில் கிரேடு கொடுத்தார்கள். 91-இலிருந்து 100 வரை எடுத்தவர்களின் சராசரி 95-ஐ ஒட்டி இருந்தது, அதனால் 10 பாயிண்ட்டுக்கு 95 என்று வைத்தார்கள். அதற்கும் பொறியியல் கல்லூரிக்கும் சம்பந்தமே இல்லை. இணையத்தில் முதலில் வருவது அதுதான் என்பதால் எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள்.

உங்கள் 7.10-ஐயே வைத்துப் பாருங்கள். 9.5-ஆல் பெருக்கினால் 67.45. தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏ.ஐ.சி.டி.இ.யின் அட்டவணைப்படி 0.75-ஐக் கழித்துப் பத்தால் பெருக்கினால் 63.5. அண்ணா பல்கலைக்கழகத்தில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும்படி நேராகப் பத்தால் பெருக்கினால் 71. ஒரே பிள்ளை, ஒரே படிப்பு, மூன்று சதவீதம். 65 சதவீதம் கேட்கும் இடத்தில் ஒன்றில் வெளியே, இரண்டில் உள்ளே.

நான் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தபோது 9.5 போட்டு எழுதிவிட்டேன். நேர்காணல் எல்லாம் முடிந்து சான்றிதழ் சரிபார்ப்பில், விண்ணப்பத்தில் இருக்கும் சதவீதமும் கல்லூரிச் சான்றும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். உண்மையில் நான் எழுதியது என் சதவீதத்தைவிடக் குறைவு! ஆனாலும் தவறான தகவல் என்றுதான் பதிந்தார்கள். மூன்று வாரம் அலைந்து கடிதம் வாங்கிக் கொடுத்தேன், அதற்குள் இடம் போய்விட்டது.

அதனால் சி.ஜி.பி.ஏ. என்று கேட்டால் சி.ஜி.பி.ஏ.யையே எழுதுங்கள். சதவீதம்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், பட்டம் தரும் பல்கலைக்கழகம் சொல்லும் முறையை மட்டும் பயன்படுத்துங்கள். கல்லூரி அலுவலகத்தில் மாற்றுச் சான்று ஒன்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டாம்.

மியூனிக்_அக்கா

வெளிநாட்டுப் படிப்பு யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெர்மனியில் கிரேடு தலைகீழ். 1.0 மிகச் சிறந்தது, 4.0 வெறும் பாஸ். மாற்றுவதற்குப் பவேரியச் சூத்திரம் என்று ஒன்று உண்டு: அதிகபட்ச கிரேடிலிருந்து உங்கள் கிரேடைக் கழிக்க வேண்டும், அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் கிரேடுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

இதில் எல்லோரும் தடுமாறுவது பாஸ் கிரேடில். 7.9 வாங்கியவர் பாஸ் கிரேடு 5 என்று போட்டால் 2.26. அதே 7.9-க்கு பாஸ் கிரேடு 6 என்று போட்டால் 2.58. பல மாஸ்டர்ஸ் படிப்புகள் 2.5-இல் கோடு போடுகின்றன. உங்கள் 2021 ரெகுலேஷனில் கடைசி பாஸ் கிரேடு சி, அதாவது 5. அதற்கு முந்தைய 2017 ரெகுலேஷனில் பி, அதாவது 6. சீனியர் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்களுக்கு நீங்களே குறைத்துப் போட்டுக்கொள்வீர்கள். மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கிரேடு அட்டவணையைப் பாருங்கள்.

நெய்வேலி_சி.எஸ்.இ.

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். 7.10-இலிருந்து டிஸ்டிங்ஷன் பிடிக்க முடியுமா? எல்லாப் பாடமும் முதல் முறையிலேயே பாஸ்.

கணக்கு_வாத்தியார்

முதல் வகுப்புக்கு 6.50, டிஸ்டிங்ஷனுக்கு 8.50. எல்லாம் முதல் முறையிலேயே பாஸ் என்ற நிபந்தனையும் டிஸ்டிங்ஷனுக்கு உண்டு, அது இதுவரை உங்களிடம் இருக்கிறது.

நான்காண்டுக்கும் சேர்த்து 162 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். 8.50 வேண்டுமானால் மொத்தம் 1377 பாயிண்ட். கையில் 341. மீதி 1036. மீதிக் கிரெடிட் 114. ஒவ்வொரு கிரெடிட்டுக்கும் 9.09 வேண்டும். ஏ ப்ளஸ் போதாது, நடுநடுவே ஓ வேண்டும். கடினம், ஆனால் கணக்கு மூடிவிடவில்லை. 7.50 போதும் என்றால் மீதிக்கு 7.67. அது உங்கள் முதல் செமஸ்டரைவிடக் குறைவுதான்.

இரண்டாம் செமஸ்டரில் எந்தப் பாடம் இழுத்தது என்று பார்த்தீர்களா? 4 கிரெடிட் பாடம் இரண்டு இருந்திருக்கும், புள்ளியியலும் இன்ஜினியரிங் கிராபிக்ஸும்.

நெய்வேலி_சி.எஸ்.இ.

ஆமாம் சார். புள்ளியியல் சி, கிராபிக்ஸ் பி. இப்போதுதான் போட்டுப் பார்த்தேன். கிராபிக்ஸில் மட்டும் பி-க்குப் பதில் ஏ வந்திருந்தால் 8 பாயிண்ட் கூடி 6.81 ஆகியிருக்கும். தமிழரும் தொழில்நுட்பமும் பாடத்தில் 9-ஐ 10 ஆக்கியிருந்தால் 6.54 மட்டுமே. நான் தேர்வுக்கு முந்தின வாரம் கிராபிக்ஸை விட்டுவிட்டு ஒரு கிரெடிட் பாடத்துக்கு இரண்டு நாள் கொடுத்தேன்.

நோட்டு போட்டுவிட்டேன். முதல் பக்கத்தில் 172, 22. அதன் கீழே 341, 48. மூன்றாம் செமஸ்டர் பாடங்களைக் கிரெடிட் வரிசையில் எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம், தோழியும் நானும். அவள் வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே முதல் செமஸ்டர் கணக்கு இருக்கிறது.